நான் குதிக்கவில்லை

பத்திரிகையில் நான் கடலுக்குள் குதித்தேன் என்று போட்டிருந்தார்கள். நான் குதிக்கவில்லை. ஏணியில் இறங்கினேன். துறைமுகத்தின் ஜெற்றிச் சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கும் இரும்பு ஏணி அது. தை மாதத்தில் அதன் படிகளில் பனி இறுகிக் கிடக்கும். பின்பக்கமாக, காலால் தடவித் தடவி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் சொல்லித் திரிகிற கதையில் வருகிற ஆளுக்கும் இதை எழுதுகிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்போது ஆனி மாதம். இரண்டு வாரமாக எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை இல்லை. நோவுக்கான மாத்திரையைக் காலையில் போட்டால் மத்தியானம்வரை கதிரையில் இருக்கலாம். இதே வருத்தம் வந்த எங்கள் ஆட்கள் ஒஸ்லோவில் பலர் இருந்திருப்பார்கள், ஆனால் வெளியே சொல்வதில்லை. எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அன்ரன். ஐம்பத்தாறு வயது. வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில், அடுக்குமாடியில் இருக்கிறோம். மனைவி றெஜினா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். மகள் மெலனி கல்யாணம் முடித்து ஹொல்ம்லியாவில் இருக்கிறாள். நான் இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில் வேலை செய்தவன். கப்பல் வரும்போது அதிலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்து, கட்டுத்தூணில் மாட்டுவதும் எங்கள் வேலைகளில் ஒன்று.

அன்று மூன்று பேர் நின்றோம். நானும் ரூனேயும் ஒரு பக்கம். போலந்துக்காரன் மாரெக் நூறு அடி தள்ளி அடுத்த தூணில். ரூனே நோர்வேக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எனக்கும் அவனுக்கும் எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்தான். எட்டு வருடத்துக்கு முன்பு என்னைக் குழுத்தலைவனாகப் போடுவது பற்றிக் கூட்டம் நடந்தபோது இவன் எழும்பி, "அன்ரனின் நோர்வேஜியன் வோக்கிடோக்கியில் விளங்காது, ஆபத்து" என்று சொன்னான். அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. அதற்குப் பிறகு அவன் இருக்கிற மேசையில் நான் சாப்பிட்டதில்லை.

வந்த கப்பலிலிருந்து எறிந்த கயிறு எங்கேயோ சிக்கி, இறுகி, திடீரென்று விடுபட்டது. அது ரூனேயின் தோளில் அடித்தது. அவன் சத்தம் போடவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், அவன் நின்ற இடத்தில் ஆள் இல்லை.

மிதவை அங்கி என்னுடைய உடம்பில் இருந்தது. அவனுடையது அன்று காருக்குள் கிடந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். கப்பலுக்கும் சுவருக்கும் இடையில், கறுத்த தண்ணீரில், அவனுடைய மஞ்சள் சட்டையின் முதுகு தெரிந்தது. மாரெக்கைப் பார்த்துக் கத்திவிட்டு ஏணியில் இறங்கினேன். இடதுகையால் படியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் மார்புவரை போய், வலதுகையை எட்டி அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்தேன். முகத்தைத் திருப்பினேன். இருமினான். உயிர் இருந்தது.

செய்தது அவ்வளவுதான். பிறகு காத்திருந்ததுதான். கப்பலின் சுழலி கிளப்பிய அலை வந்து வந்து தலைக்கு மேலால் போனது. நிறையத் தண்ணீர் உள்ளே போயிற்று. மீட்புப் படகு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனதாகப் பிறகு சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நடந்த இன்னொன்றை நான் கனகாலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒரு காற்றுப் போர்வைக்குள் கிடந்தேன். பிளாஸ்ரிக் போர்வை, அதற்குள் குழாய் வழியாகச் சூடான காற்று வந்துகொண்டிருக்கும். உடல் வெப்பம் முப்பத்தொரு பாகைக்கு இறங்கியிருந்ததாம். அப்படி இறங்கினவனை அவசரப்பட்டுச் சூடாக்கக்கூடாது, கைகால்களில் நிற்கிற குளிர்ந்த இரத்தம் இருதயத்துக்குத் திரும்பி அதை நிறுத்திவிடும் என்று தாதி விளங்கப்படுத்தினாள். அவள் போனபின்தான் கட்டிலுக்கு அருகில் றெஜினா இருப்பது தெரிந்தது. வேலைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"வேறை ஆக்கள் நிண்டவைதானே? நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்?"

"மாரெக் தூரத்திலை நிண்டவன்."

"அந்தாளுக்காகவோ? உங்களை மேலை வர விடாமச் செய்த அந்தாளுக்காகவோ?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் கால் இரண்டையும் போர்வைக்குள் கைவிட்டுப் பிடித்தபடி இருந்தாள். கோபம் இருந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

நுரையீரலுக்குள் கடல் தண்ணீர் போனதால் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டாம் நாள் காலை இன்னொரு முறை எடுத்தார்கள். அன்று பின்னேரம் சி.ரி. ஸ்கான் என்றார்கள். உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோலப் படம் பிடிக்கிற, வளையம் மாதிரியான இயந்திரம் அது. தண்ணீர் இறங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் என்று நினைத்தேன். ரூனே மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். தோள் எலும்பில் வெடிப்பு, வேறொன்றும் இல்லை. போகும்போது என் அறை வாசலில் வந்து நின்றான். கையைத் தூக்கிக் காட்டினான். நானும் காட்டினேன்.

என்னை விடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு இளம் வைத்தியர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். வைத்தியர்கள் நின்றுகொண்டு கதைத்தால் பயமில்லை, இருந்தால்தான் யோசிக்க வேண்டும் என்பதை நான் அன்று படித்தேன்.

"தண்ணீரோடு சம்பந்தமில்லாத ஒன்று படத்தில் தெரிகிறது. இடது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல்."

இருபது வருடம் புகைத்தவன் நான். மெலனிக்குப் பத்து வயதானபோதுதான் விட்டேன். நிழல் என்ற சொல் போதுமாக இருந்தது.

பிறகு வந்த மூன்று வாரத்தில் நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கடிதங்கள் வந்தன. இந்த நாட்டில் புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் எல்லாவற்றையும் வேகமாகச் செய்துவிடுவார்கள். ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த நாள் எங்கே வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வேகம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. முழங்கால் நோவென்று போனால் எட்டு மாதம் காக்க வைக்கிறவர்கள் இவர்கள்.

மூக்கு வழியாகக் கமரா பூட்டிய குழாயை நுரையீரலுக்குள் விட்டார்கள். தொண்டையை மரக்கச் செய்யும் மருந்து வாழைப்பழ வாசம் அடிக்கும். மயக்கம் தருவதில்லை, அரைத்தூக்கம்தான். மூச்சு முட்டுவதுபோல இருக்கும், ஆனால் முட்டாது. யாராவது இதற்குப் போகிறீர்கள் என்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முட்டாது. கட்டியிலிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இன்னொரு நாள், கதிர்வீச்சுள்ள சீனிக் கரைசலை இரத்தத்தில் ஏற்றி, ஒரு மணித்தியாலம் அசையாமல் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். புற்றுக்கலங்கள், அதாவது புற்றுநோய்ச் செல்கள், சீனிக்கு ஆசைப்பட்டவை, அவை இருக்கிற இடமெல்லாம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும் என்றார்கள்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் கோயிலில் சனங்கள் கதைக்கத் தொடங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருவர் மாறி ஒருவர் கையைப் பிடிப்பார்கள்.

"ஒரு உயிரைக் காப்பாத்தினீங்கள். அதாலைதான் ஆண்டவர் உங்கடை வருத்தத்தைக் காட்டித் தந்தவர். இல்லாட்டித் தெரிஞ்சிருக்குமோ?"

அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அந்தக் கிழமைகளில் நானும் அதை நம்பினேன். தண்ணீருக்குள் இறங்கியதற்கு இது கூலி, நேரத்தோடு கண்டுபிடித்தாயிற்று, வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று றெஜினாவுக்கும் சொன்னேன். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதியோர் இல்லத்தில் பதினேழு வருடமாக ஆட்கள் சாவதைப் பார்த்தவள் அவள். நான் இருமுகிற சத்தத்தை அவள் கவனிக்கிற விதத்தில் அது தெரிந்தது.

முடிவு சொல்லும் நாள் வந்தது. மெலனியும் வந்தாள். காத்திருக்கும் அறையில் ஒரு மேசைமேல் ஆயிரம் துண்டுப் படம் ஒன்றைப் பரப்பி வைத்திருந்தார்கள். வருகிற நோயாளிகள் ஆளுக்கு இரண்டு துண்டைப் பொருத்திவிட்டுப் போவார்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. மெலனி கேட்க வேண்டிய கேள்விகளைக் கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்தாள். அவள் பெருவிரல் மேலும் கீழுமாக உரசிக்கொண்டே இருந்தது.

உள்ளே போனதும் மேசை நடுவில் ஒரு ஒலிபெருக்கித் தொலைபேசியைக் கண்டேன். நுரையீரல் வைத்தியர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். "இன்று ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்திருக்கிறேன்" என்றார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம். முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒருவரும் மொழிபெயர்ப்பாளர் வைத்ததில்லை.

"எனக்குத் தேவையில்லை" என்றேன்.

"தெரியும். உங்கள் நோர்வேஜியன் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் இன்றைக்கு மட்டும் உங்கள் சொந்த மொழியில் கேட்பது நல்லது."

அந்த வசனத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெலனிக்கும் விளங்கியிருக்க வேண்டும். தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். "வணக்கம் சார், வணக்கம் மேடம். டாக்டர் சொல்றதை அப்படியே நான் தமிழ்ல சொல்றேன்" என்றாள். வைத்தியர் பேசினார். நான் அதை நோர்வேஜியனில் ஒரு தடவை கேட்டேன், பிறகு தமிழில் இன்னொரு தடவை கேட்டேன். ஒரே அடி இரண்டு தரம் விழுந்தது.

"சார், கட்டி நுரையீரல்ல ஆரம்பிச்சிருக்கு. இப்போ கல்லீரலுக்கும், கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பிக்கும் பரவியிருக்குன்னு சொல்றாங்க. அதனால ஆபரேஷன் பண்ண முடியாதாம். இதைக் குணப்படுத்த முடியாதுங்க. ஆனா சிகிச்சை குடுக்க முடியும்."

றெஜினா தொலைபேசியைப் பார்த்துக் கேட்டாள். "சுகப்படுத்தேலாதெண்டால் பேந்தென்னத்துக்கு மருந்து?"

மொழிபெயர்ப்பாளருக்கு அவள் பேச்சு பிடிபடவில்லை. "மேடம், மன்னிக்கணும். சரியா புரியல. திரும்பச் சொல்றீங்களா?"

அவள் திரும்பச் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, அந்தப் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் சொன்னாள். "குணப்படுத்த முடியாது என்றால், ஏன் மருந்து?" இரண்டாம் முறை சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் நோர்வேஜியனில் அதை வைத்தியரிடம் கேட்டாள். பதிலைத் தமிழில் சொல்ல அவளுக்கு நேரம் எடுத்தது.

"நாட்களைக் கொஞ்சம் நீட்டிக்கிறதுக்கு மேடம்."

இவ்வளவு காலம் இது ஏன் தெரியவில்லை என்று மெலனி கேட்டாள். நுரையீரலுக்குள் நோவு தெரிகிற நரம்பு இல்லை என்றார் வைத்தியர். தண்ணீருக்குள் இறங்காமல் இருந்திருந்தால் இன்னும் மூன்று நான்கு மாதம் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இதைக் கேட்டதும் எனக்கு வந்த யோசனையை ஒளிக்கப்போவதில்லை. ரூனேயை விட்டிருந்தால் அந்த மூன்று நான்கு மாதமும் என்னுடையதாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியாமல் வேலைக்குப் போய், வந்து, மீன் வாங்கி, சண்டை பிடித்து, படுத்திருப்பேன். எல்லாரும் வெகுமதி என்று சொன்னது, சாவுச் செய்தி நேரத்துக்கு முன்பே என் வீட்டுக் கதவைத் தட்டியதுதான்.

மருந்து பங்குனியில் தொடங்கியது. மூன்று கிழமைக்கு ஒருதரம், வியாழக்கிழமை. கீமோ என்பது கலங்களை அழிக்கிற நஞ்சு, அதோடு உடம்பின் எதிர்ப்பைத் தூண்டுகிற இன்னொரு மருந்து. இரண்டும் கைநரம்பு வழியாக மூன்று மணித்தியாலம் ஏறும். இங்கே ஆஸ்பத்திரிக் காசு பெரிதாக இல்லை, அந்தக் கவலையை நான் சுமக்கவில்லை. ஊரில் இதே வருத்தத்துக்குக் காணி விற்றவர்களை எனக்குத் தெரியும்.

முதல் வியாழன் காலை ரூனே எங்கள் கட்டடத்துக்குக் கீழே காரோடு நின்றான். யார் சொன்னதோ தெரியாது. அழைப்புமணியை அடித்து, "கீழே நிற்கிறேன்" என்றான். றெஜினா யன்னலால் பார்த்தாள்.

"அந்தாளின்ரை காரிலை நான் ஏற மாட்டன்."

"வர வேண்டாமெண்டு சொல்லட்டே?"

"நீங்கள் போங்கோ. குளிருக்குள்ளை ரயிலுக்கு நிக்க வேண்டாம். நான் ரயிலிலை வாறன்."

அப்படியே செய்தாள். நான்கு வியாழனும் நான் ரூனேயின் காரில் போனேன், அவள் சுரங்க ரயிலில் தனியாக வந்து ஆஸ்பத்திரி வாசலில் சேர்ந்துகொண்டாள். வைத்தியரும் சொல்லிவிட்டார், குளிர்த் தண்ணீருக்கும் புற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று. அவள் நம்பவில்லை. "எட்டு வரியமா அந்தாளை நினைச்சு நினைச்சுப் பொருமினீங்கள். கடைசியிலை அந்தாளின்ரை தண்ணியைக் குடிச்சீங்கள்" என்றாள்.

காரில் நாங்கள் கதைக்கவில்லை. அவன் வானொலியில் வானிலை கேட்பான். காத்திருக்கும் அறையில் அந்தத் துண்டுப் படத்தில் வானப் பகுதியை எடுத்துக்கொண்டு, நீலத்தோடு நீலத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாம் தடவை, தாதி என் கையில் ஊசி ஏற்றும்போது அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஒரு நுரையீரலைக் கொடுக்க முடியுமா? எனக்கு இரண்டும் நல்லதாக இருக்கிறது. படம் பிடித்துப் பார்த்தார்கள்."

தாதி சிரிக்கவில்லை. பரவிய வருத்தத்துக்கு அது உதவாது என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டான். திரும்பி வரும்போது எனக்கும் தனக்கும் கோப்பி கொண்டுவந்தான். எனக்குக் கோப்பி மணமே ஆகாது என்பது அவனுக்குத் தெரியாது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மருந்துக்குப் பிந்திய நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது, நல்ல உசார்கூட வரும், வாந்திக்குத் தருகிற மாத்திரையின் வேலை அது. மூன்றாம் நாள் விழுத்தும். வாயெல்லாம் இரும்புச் சுவை. நாக்கில் புண். றெஜினா இடியப்பத்தைச் சொதிக்குள் ஊறவைத்து, கரண்டியால் மசித்து, ஆறவைத்துத் தருவாள். சொதியில் மிளகாய் இருக்காது, புளி இருக்காது. வேலைக்குப் போகும்போது அதைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். வேலையில் எட்டுப் பேரைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டு வந்து, வீட்டில் ஒன்பதாவதாக என்னைக் கழுவினாள். ஒரு நாள் என் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, "இல்லத்திலை நகம் வெட்டினால் ஆக்கள் நன்றி சொல்லுவினம்" என்றாள். நான் நன்றி சொன்னேன். "சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்று சொல்லிவிட்டு, என் காலை மடியில் வைத்தபடியே அழுதாள்.

மெலனி சனிக்கிழமைகளில் ஹொல்ம்லியாவிலிருந்து ரயில் மாறி வருவாள். வேலையிடத்துக்கு, விடுப்புக்கு, மருத்துவச் சான்றிதழுக்கு என்று வந்த கடிதங்களையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். "அப்பா, சீக்கமெல்டிங், அந்த வருத்த லீவுக் கடிதம், நான் அனுப்பீட்டன், நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்பாள். அவள் தன் கணவனோடு தொலைபேசியில் கதைப்பது ஒரு நாள் சுவர் வழியாகக் கேட்டது. கோடை விடுமுறைக்கு எடுத்திருந்த விமானச் சீட்டுகளை ரத்துச் செய்யச் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "யோசிச்சுப் பாருங்கோ" என்றாள் மெலனி.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கீமோ வெள்ளைக் குருதிக்கலங்களையும் கொன்றுவிடும். அவை இல்லாத உடம்பில் ஒரு சின்னக் கிருமி போதும். காய்ச்சல் முப்பத்தெட்டரையைத் தாண்டினால் யோசிக்காமல் ஓட வேண்டும் என்று தாள் தந்திருந்தார்கள். ஓடினோம். ஒன்பது நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் முகமூடியும் மேலங்கியும் போட்டுத்தான் வருவார்கள், கண் மட்டும்தான் தெரியும். றெஜினாவைக் கண்டுபிடிக்க எனக்குக் கண் தேவைப்படவில்லை. கதவைத் திறந்தவுடன் கட்டிலின் உயரத்தைச் சரிசெய்கிறவள் அவள்தான்.

அந்த ஒன்பது நாளுக்குள்தான் உயிர்காத்ததற்கான பதக்கம் தருகிற விழா நடந்தது. மெலனி போய் வாங்கிவந்தாள். நீலப் பெட்டியைத் திறந்து, முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு நீட்டினாள். நான் அதைத் தொடவில்லை. கிருமிக்குப் பயம் என்று சொன்னேன்.

உண்மைக் காரணத்தை ரூனேக்குத்தான் சொன்னேன். நான்காவது வியாழன், மருந்து ஏறிக்கொண்டிருந்தது. றெஜினா கீழே போயிருந்தாள்.

"ரூனே, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று தண்ணீருக்குள் நான் உன்னை விட்டேன்."

அவன் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டான்.

"கை மரத்துப்போனதால் இல்லை. மரத்ததுதான். ஆனால் அதற்கு முன்பே நான் யோசித்தேன். என் அங்கி என்னை மிதக்க வைத்திருந்தது. உன் பாரம் என்னைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இவனுக்காக நான் ஏன் சாக வேண்டும் என்று யோசித்து, விரலைத் திறந்தேன். உன் சட்டைத் தோளில் இருந்த பட்டி என் கையுறைக்குள் மாட்டியிருந்தது. அதனால்தான் நீ போகவில்லை. படகு வந்தபோது நான் உன்னைப் பிடித்திருக்கவில்லை. மாட்டிக்கொண்டு கிடந்தாய்."

மருந்துப் பையிலிருந்து சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ரூனே தன் கையைப் பார்த்தான்.

"தெரியும்" என்றான். "நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் வருகிறாய்?"

"நானாக இருந்தால் ஏணியிலேயே இறங்கியிருக்க மாட்டேன்."

பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். "உன் நோர்வேஜியனில் பிழை இருக்கவில்லை. அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அந்த வேலை என் மச்சானுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன்."

எட்டு வருடமாக நான் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் இதைச் சொல்வதாகவும், நான் அவனுக்குப் பதில் சொல்வதாகவும் எத்தனையோ தரம் மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். அன்று கேட்டபோது கோபமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. வாய்க்குள் இரும்புச் சுவைதான் இருந்தது. தாதி வந்து வெறும் பையைக் கழற்றி அடுத்த பையை மாட்டினாள்.

நான்கு மருந்து முடிந்ததும் மறுபடி படம் எடுத்தார்கள். திங்கட்கிழமை முடிவு. இந்த முறை தொலைபேசி இல்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டினார். கல்லீரலில் இருந்தவை பெருத்திருந்தன. முதுகெலும்பில் புதிதாக ஒன்று. மருந்து வேலை செய்யவில்லை என்றார். அடுத்த மருந்து ஒன்று இருக்கிறது, அதை என் உடம்பு தாங்காது, தந்தால் வருத்தத்துக்கு முன்பு மருந்தே என்னைக் கொண்டுபோய்விடும் என்றார். இனி நோவைக் குறைக்கிற குழு வீட்டுக்கு வரும், மூச்சுக்கும் நோவுக்கும் அவர்கள் பார்ப்பார்கள்.

"கோடை முடியிறவரைக்கும் இருப்பாரோ எண்டு கேள்" என்றாள் றெஜினா மெலனியிடம்.

மெலனி கேட்டாள். கோடையின் நல்ல நாட்களை இப்போதே பயன்படுத்துங்கள் என்றார் வைத்தியர். மெலனி அதைத் தமிழில் சொல்லவில்லை. றெஜினாவுக்கும் அது விளங்கிவிட்டது, அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. றெஜினா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். நான் மறந்தே போனேன், ரூனேக்கு ஒருவரும் சொல்லவில்லை. "கீழே நிற்கிறேன்" என்றான். மருந்து நின்றுவிட்டதை அழைப்புக் கருவிக்குள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சப்பாத்தைப் போட எனக்கு இப்போது பத்து நிமிடம் வேண்டும். போட்டுக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினேன். அவன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஏறி இருந்தேன். அவனும் ஏறி, இருக்கைப் பட்டியைப் போட்டான்.

"இன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லை" என்றேன். "இனி இல்லை."

அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் எங்கே போக வேண்டும்?"

"எனக்கும் தெரியாது."

அவன் பட்டியைக் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை. சூட்டைக் கூட்டிவிட்டு, பின் இருக்கையிலிருந்து ஒரு கம்பளியை எடுத்து என் காலில் போட்டான். துறைமுகத்தில் புதிதாக வந்திருக்கும் பாரந்தூக்கியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். மாரெக் ஊருக்குத் திரும்பிப் போகப்போகிறானாம். நான் நடுவில் உறங்கிவிட்டேன். விழித்தபோதும் அவன் அப்படியே இருந்தான். கார் எங்கள் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை. வழமையாக மருந்து ஏறி முடிகிற நேரம்.

ரயில் நிலையப் பக்கமிருந்து றெஜினா நடந்து வந்தாள். வேலையிலிருந்து முன்னதாக வந்திருக்கிறாள், சீருடைப் பை தோளில் தொங்கியது. காருக்குள் எங்களைக் கண்டு நின்றாள். ஏன் இங்கே, என்ன நடந்தது என்று அவள் முகம் கேட்டது. ரூனே கண்ணாடியை இறக்கினான். பிறகு மறுபடி ஏற்றினான்.

அவள் பின்கதவைத் திறந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் ஏறி இருந்து கதவைச் சாத்தினாள். சாத்தியபின் காருக்குள் அவளுடைய வேலையிடத்துச் சவர்க்கார மணம் வந்தது. மூன்று பேரும் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் கை பின்னாலிருந்து என் தோளுக்கு வந்தது.

"மேலை போவமே?"

"கொஞ்சம் இரும்" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்."